வேகம் குறைக்கச் சொன்ன கை

உள்ளங்கையைத் தரை பார்க்கக் கவிழ்த்து, இரண்டு முறை மெல்லத் தாழ்த்துவார் அண்ணன். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலையில், மூட்டை போகும் பெல்ட்டின் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் சைகை அது. அந்த இரைச்சலில் யார் பேசினாலும் காதில் விழாது, எல்லாம் கைதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை ஓய்வு பெறவில்லை. தண்ணீருக்கு ஒரு சைகை, டிவி சத்தத்துக்கு ஒரு சைகை. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?" என்று அண்ணி சலித்துக்கொள்வார். அதற்கும் ஒரு கையசைப்புத்தான் பதில்.

மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துப் பெரம்பலூர் திரும்பியபோது, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண் நடைப்பயிற்சிக்கு முறை வகுத்துக் கொடுத்தாள். முதலில் சமதரையில் மெதுவாக. பழகிய பிறகு ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை கொஞ்சம் வேகமாக, அதற்கடுத்தது வரை மெதுவாக. வேகத்தை அளக்க அவள் சொன்ன வழிதான் எங்களைத் திகைக்க வைத்தது. "பேசிக்கிட்டே நடங்க சார். முழுசா ஒரு வாக்கியம் வந்தா வேகம் சரி. நடுவுல மூச்சு வாங்குனா குறைச்சுக்குங்க." அண்ணன் சம்மதமாகக் கையை ஆட்டினார். "கையால பேசுனா கணக்குல வராது சார்" என்று அவள் சிரித்தாள். அண்ணிக்கு மூட்டுவலி. பூலாம்பாடியிலிருந்து டவுனுக்குக் குடிவந்து அடுத்த தெருவில் இருந்த, ஊரறிந்த வாயாடியான என் தலையில் அவரோடு பேசிக்கொண்டே நடக்கும் வேலை விழுந்தது.

ஏரிக்கரையில் முதல் சில நாட்கள் நான் மட்டுமே பேசினேன். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். அதை வைத்து எந்த மூச்சை அளப்பது? "ஏதாச்சும் சொல்லுங்கண்ணே, இல்லாட்டி நான் பாட ஆரம்பிச்சுடுவேன்" என்று மிரட்டினேன். என் குரலுக்குப் பயந்துதான் வாய் திறந்தார். முதலில், "கொக்கு நிக்குது. பஸ்ஸு போவுது" என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னார். பிறகு ஆலைக் கதைகள் வந்தன, அப்பாவிடம் வாங்கிய அடிகள் வந்தன. ஒருநாள் என் கல்யாணம் வந்தது. புகுந்த வீட்டுக்கு நான் கிளம்பியபோது, வேன் பக்கத்தில் நின்று கையை மட்டும் அசைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறை வருஷக்கணக்காக என் மனசில் கிடந்தது.

"அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா அழுதுருப்பேன் பாப்பா. மாப்ள வூட்டுக்காரங்க முன்னாடி நல்லாருக்காதுன்னு நின்னுட்டேன்" என்றார், மூச்சு வாங்காமல். பயிற்சி பலிக்கிறதே என்று சந்தோஷப்படுவதா, அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அழுதேன்.

இனி வேகத்தைக் கூட்டலாம் என்று அந்தப் பெண் சொன்னபோது அண்ணனுக்கு மனசில்லை. வேகமான கம்பத்தில் பேச்சு சுருங்கிவிடும். கதை பாதியில் நின்றுவிடும். மெதுவான கம்பம் எப்போது வரும் என்று இருவருமே காத்துக்கொண்டு நடந்தோம்.

அன்று மெதுவான கம்பத்தில்தான் இருந்தோம். ஆலைக் கேண்டீன் கதை ஒன்று நடுவில் நின்றது. "அப்புறம்?" என்றேன். வாய் திறக்கவில்லை, கைதான் அசைந்தது. பேச மூச்சு வரவில்லை. அங்கேயே உட்காரவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் "அண்ணே, அண்ணே" என்று மூச்சிரைக்க ஓடினேன். அவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். என்னைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே கிடந்த கையைக் கவிழ்த்து, இரண்டு முறை தாழ்த்தினார். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

இப்போது எனக்குச் சர்க்கரை. அதே ஏரிக்கரையில் நடக்கிறேன், தனியாக. துக்கம் வந்தால் கால் தானாக வேகம் எடுக்கிறது. அதனால் அவரிடமே உரக்கப் பேசிக்கொண்டு நடக்கிறேன். நான் போனில் பேசுவதாக எதிரே வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். "அந்தக் கேண்டீன்ல அப்புறம் என்னாச்சுண்ணே?" என்று கேட்கும்போது மட்டும் வாக்கியம் முழுசாக வருவதில்லை. அங்கே உள்ளங்கையைக் கவிழ்த்து, எனக்கு நானே இரண்டு முறை தாழ்த்திக்கொள்கிறேன்.