வலிக்கல

மாமாவின் புது பைக்கிலிருந்து பெரம்பலூரில் இறங்கும்போது என் கெண்டைக்கால் சைலன்சரில் பட்டுவிட்டது. எனக்கு ஏழு வயது. அன்று அந்தக் காலில் பூசப்பட்டவை, வரிசைப்படி: பெட்டிக்கடைக்காரர் தந்த பேனா மை, மாமா வாங்கிய பற்பசை, குரும்பலூரில் வீடு திரும்பியதும் அம்மாவின் தோசைமாவு. பின்னால் மருந்தியல் படித்தவளாகச் சொல்கிறேன், மூன்றும் தவறு. குழாயைத் திறந்து இருபது நிமிடம் காலைக் காட்ட யாருக்கும் தோன்றவில்லை.

“பெருசா ஏதாச்சும்னா அந்த வண்டிய வித்துட்டுத்தான் மறுவேலை” என்று அம்மா தன் தம்பியிடம் சொல்லியிருந்தாள். மறுநாள் டாக்டரிடம் கிளம்பும்போது மாமா என் காதருகே குனிந்தார்.

“டாக்டர் கேட்டா வலிக்கலன்னு சொல்லிடு தங்கம். ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்.”

டாக்டரம்மா புண்ணைக் கழுவிவிட்டு ஊசிமுனையால் மெல்லத் தொட்டார். “வலிக்குதா பாப்பா?”

சுவரில் இருந்த காலண்டர் குழந்தையின் பற்களை எண்ணிக்கொண்டே, “வலிக்கல” என்றேன்.

“இங்க?”

“அங்கயும் வலிக்கல.”

அவர் முகம் மாறியது. அம்மாவிடம் திரும்பி, “உணர்ச்சியே இல்லன்னா சூடு ஆழமா எறங்கியிருக்கும்மா. திருச்சிக்கு எழுதித் தரேன். தொடையிலேருந்து தோல் எடுத்து வைக்கிற மாதிரி வரலாம்” என்றார்.

அம்மா பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் ஏழாவது பல்லில் இருந்தேன்.

“நான்தான் மேடம் அப்படிச் சொல்லச் சொன்னேன்” என்றார் மாமா. என்னிடம், “உண்மையச் சொல்லும்மா” என்றார்.

டாக்டர் மறுபடி தொட்டார். இரண்டு நாள் அழுகையைச் சேர்த்து அலறினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, அழுதபடியே சிரித்தாள்.

“கத்துடி, நல்லா கத்து.”

டாக்டரும் சிரித்தார். வெள்ளைக் களிம்பைத் தடவி, மேலே வலைத்துணி சுற்றினார். அதன் குளிர்ச்சியில் எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தபோது இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது.

டாக்டரிடம் அலறிய அன்றே, வீடு திரும்பும் வழியில் மாமா எனக்கு இரண்டு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். அம்மாவும் வண்டியை விற்பது பற்றிப் பேசவில்லை. வலிக்குதுன்னு ஊரே கேட்கக் கத்தியவளுக்கு எதற்கு இரண்டு என்று எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கு நிபந்தனை மறந்துபோயிருக்கும், நினைவு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் தின்றேன்.