என் தோளில் போன இன்ஹேலர்

கொல்லிமலையில் நடந்த நெடுந்தூர மலைப்பாதை ஓட்டத்தில் நானும் என் நாத்தனார் கோமதியும் ஜோடியாகக் கலந்துகொண்டோம். அவளுக்கு ஆஸ்துமா உண்டு. ஏற்றத்தில் திணறுகிறாளே என்று அவள் பையையும் நானே வாங்கிச் சுமந்தேன். வளப்பூர் நாட்டு இறக்கத்தில் எனக்கு வேகம் பிடித்துவிட்டது. பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் குடிக்க நின்றபோது, மிளகுத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார்.

“ஏனுங்க, உங்ககூட வந்த புள்ள மேல மூச்சு உட முடியாம உக்காந்திருக்குதுங்க. பையி, பையின்னு கை காட்டுதுங்க!”

இன்ஹேலர் அந்தப் பையில்தான் இருந்தது. வந்த வழியே மேலே ஓடினேன். கோமதியின் உதடு வெளுத்திருந்தது. மருந்தை உறிஞ்சிய பிறகும் மூச்சு சீராகக் கால் மணி நேரமானது.

“என்னைய உட்டுப்போட்டு ஓடிட்டீங்களே அண்ணி” என்றாள்.

போட்டியிலிருந்து விலகினோம்.

இப்போதும் சேர்ந்துதான் ஓடுகிறோம். மருந்து அவள் இடுப்புப் பையில் இருக்கிறது. நான் அவளை முன்னே விட்டுப் பின்னால் ஓடுகிறேன்.