மேல் பம்பும் கீழ் பம்பும்

நான் பள்ளிக்கூடத்தில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த வருடம் அம்மா கார்ப் பந்தயத்தை விட்டாள். காரை விடவில்லை. அதுதான் வீட்டில் பிரச்சினை.

அதற்கு முன்பெல்லாம் சில ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுந்திருப்பதற்குள் பாலம் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூருக்குப் போயிருப்பாள். அங்கே ஒரு பந்தயத் தளம் இருந்தது. பெரிய பரிசு எதுவும் வாங்கி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை. கழுத்து கறுத்து, உடம்பெல்லாம் பெட்ரோல் வாசனையோடு, பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வருவாள். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் ஞாயிறுகளை டியூஷனும் சொல்வதெழுதலும் பிடித்துக்கொண்டன. அம்மாவின் குரலும் சாதாரண அளவுக்கு வந்துவிட்டது.

கார் கிராஞ்சிப் பக்கம் மாமாவின் வொர்க்‌ஷாப்பில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. மாமா அம்மாவின் தம்பி. அந்தக் காரில் பின் இருக்கை கிடையாது, கதவுக்கு உள்பக்கம் ஒரு அட்டைகூடக் கிடையாது, குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள்தான். அப்பா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அலுவலகத்தில் பேசுவதுபோலவே வீட்டிலும் பேசுவார். "குடும்பம் உட்கார முடியாத வண்டி நமக்கு எதுக்கு?" என்று ஒருநாள் கேட்டார். ஜொகூர்க்காரர் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். இழுபறிக்குப் பிறகு ஒரு சமாதானம் ஏற்பட்டது. தீபாவளிக்கு மூன்று பேரும் அதில் ஏறிப் போக முடிந்தால் வண்டி எங்களோடு இருக்கும், முடியாவிட்டால் ஜொகூருக்குப் போய்விடும்.

எனக்குத் தூக்கமே போய்விட்டது. நான் முழுக்க முழுக்க அம்மா கட்சி.

மாமா குழாய்களை அறுத்தெடுத்தார், பின் இருக்கையைத் திரும்ப வைத்தார், புகைக்குழாயின் உறுமலை அடக்கினார். கடைசியில் கிளட்ச். பந்தயக் கிளட்சுக்கு நடுத்தரம் என்பதே தெரியாது. ஒன்று மொத்தமாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் மொத்தமாக விடும். சிக்னலில் நின்று கிளம்பினால் வண்டி குதிக்கும். அதை எடுத்துவிட்டு மாமா சாதாரணக் கிளட்ச் போட்டார். அதை இயக்க இரண்டு பம்புகள் உண்டு. பெடலை மிதித்தால் மேல் பம்பு எண்ணெயைத் தள்ளும். கியர்பெட்டியருகே இருக்கும் கீழ் பம்பு அதை வாங்கிக் கிளட்சை விலக்கும். கீழ் பம்பையும் சாதாரணக் காருடையதாக மாற்றியாயிற்று. மேல் பம்பு மட்டும் பந்தயத்துக்கென்று போட்ட பெரியது. அதில் கைவைக்க அம்மா விடவில்லை.

"அக்கா, பெரியது ஒரே மிதியில நிறைய எண்ணெய் தள்ளும். கீழ இருக்கிறது சின்னது, தாங்காது. ரெண்டும் ஜோடியா இருக்கணும்" என்றார் மாமா.

"தாங்கும்லா. நான் அளவா மிதிச்சுக்கிறேன்."

"தேக்கா ஜாம்ல அளவா மிதிப்பியா?"

ஒரு நட்டு அரை மில்லிமீட்டர் விலகினாலும் மாமாவைப் படாதபாடு படுத்துகிறவள் அம்மா. அன்று அந்தப் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கனம் இருக்கட்டும்டா" என்று மட்டும் சொன்னாள். கெஞ்சுவது போல இருந்தது. மாமா கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் மாலை தேக்கா கடைத்தெருவுக்குப் புறப்பட்டோம். அப்பா புதுச்சட்டையில் முன்னால் உட்கார்ந்திருந்தார். பூவும் முறுக்கும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிராங்கூன் ரோட்டில் வாகனங்கள் எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்தன. தலைக்கு மேலே தீபாவளி அலங்கார விளக்குகளில் மயில்கள். அம்மா மிதித்தாள், விட்டாள், மிதித்தாள், விட்டாள். திடீரென்று வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. முறுக்குப் பொட்டலம் அப்பாவின் மடியிலிருந்து பறந்தது. பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு மேலே வரவே இல்லை. கீழ் பம்பு தாங்காமல் எண்ணெயைக் கக்கிவிட்டது.

பின்னால் ஹார்ன் சத்தம். எனக்கு அழுகை முட்டியது. ஜொகூர்க்காரர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போவது கண்முன்னால் தெரிந்தது.

"இழுவை வண்டியைக் கூப்பிடட்டுமா?" என்று அப்பா கைப்பேசியை எடுத்தார்.

"வேணாங்க. கெட்டியா பிடிச்சுக்குங்க" என்றாள் அம்மா.

முன்னால் இருந்த வண்டி நன்றாகத் தள்ளிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு முதல் கியரில் வைத்தபடியே சாவியைத் திருப்பினாள். வண்டி ஓர் உலுக்கு உலுக்கிக் கிளம்பிவிட்டது! அதற்குப் பிறகு கிளட்சே இல்லை. எஞ்சினின் குரலைக் காதால் கேட்டு, அது சரியான சுருதிக்கு வரும் நொடியில் கியரை மாற்றினாள். ஒருமுறைகூட அது கரகரக்கவில்லை. சிவப்பு விளக்கு வந்தால் எஞ்சினை அணைப்பாள், பச்சைக்கு மறுபடி ஓர் உலுக்கல். விரைவுச்சாலைக்கு வந்ததும் ஜன்னலை இறக்கிவிட்டு அம்மா சிரித்தாள். கொண்டை அவிழ்ந்து முடி பறந்தது. "பாத்தியாடி! பாத்தியா!" என்று பழைய குரலில் கத்தினாள். நானும் கத்தினேன். அந்த அம்மாவை இன்னும் ஒரே ஒருமுறை பார்த்துவிடமாட்டோமா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன்.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கின் கார்நிறுத்தத்தில் வண்டி தன் இடத்தில் போய் நின்று அணைந்தது. "இன்னொரு தடவைம்மா!" என்றேன். அப்பா இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அருமையா ஓட்டின" என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு மெதுவாக, "நான் பிள்ளையோட தனியா இருக்கும்போது இப்படி நின்னா? எனக்கு இப்படி ஓட்ட வராதும்மா."

அம்மா சிரிப்பதை நிறுத்தினாள்.

"வண்டி இருக்கட்டும். ஜொகூர்க்காரர்கிட்ட நான் வேணாம்னு சொல்லிடறேன். நானும் ஓட்டற மாதிரி மட்டும் செஞ்சிடு" என்றார் அப்பா.

அதைவிட நியாயமாக யாராலும் கேட்க முடியாது. அம்மா அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டாள். "நீ சொன்ன ஜோடியையே போட்டுடுடா" என்றாள். நான் காருக்குள்ளேயே குதித்தேன். நினைத்தது நடந்துவிட்டது, வண்டி எங்களுக்கே!

தீபாவளி முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, தோ பாயோ கோவிலுக்குக் கிளம்பினோம். அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாள். "பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். அப்புறம் இறங்கி வந்து, "நீங்க ஓட்டுங்க" என்று சாவியை அப்பாவிடம் நீட்டிவிட்டு, சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறிக்கொண்டாள்.

அப்பா நன்றாகத்தான் ஓட்டினார். வண்டி எங்கேயும் குதிக்கவில்லை.

"நாம ஜெயிச்சிட்டோம்லம்மா?" என்று முன்னால் சாய்ந்து அவள் காதில் கேட்டேன்.

"ஆமாடி" என்றாள், திரும்பாமல்.

அப்போதுதான் கவனித்தேன். அப்பா கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் இடதுகால் முன்னால் இருந்த வெறும் தரையை அழுத்தியது. செருப்பு வளைகிற அளவுக்கு அழுத்தியது. ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தாளம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து நானும் காலால் தாளம் போட்டேன்.