மீன் தொட்டியின் கழுவாத மூன்று பக்கங்கள்

சென்ற வியாழக்கிழமை காலை நான் அன்றைய இரண்டாம் பாடவேளைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. சாவுச் செய்திக்குக் கிழிப்பதுபோல் மூலை கிழிந்திருந்தது. என்ன செய்தி என்பது படிக்காமலே தெரிந்தது. யார் என்பதற்காகத்தான் படித்தேன். நம் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் தையல் கற்பித்த அன்னபாக்கியம் அம்மாள், தம் தங்கை வீட்டில் திங்கட்கிழமை விடியற்காலையில் காலமானார். கார்டு என் கைக்கு வருமுன் அடக்கமும் முடிந்துவிட்டது.

அவரிடம் படித்த உங்களுக்கு அவர் என்றால், “பிரிச்சுட்டுத் திரும்பத் தையி” என்ற குரல்தான் முதலில் நினைவுக்கு வரும். நான் எழுத நினைப்பது வேறொன்று. நம் பள்ளியில் இன்று பெண்கள் விஞ்ஞானம் படிக்கிறார்கள் என்றால், அதற்கு ஒரு தையல் ஆசிரியை காரணம். இது துக்கத்தில் சொல்லும் புகழ்ச்சி அல்ல. என்னைப் பார்த்து, புகழத் தெரியாதவள் என்று அவரே பலமுறை குறைப்பட்டிருக்கிறார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கு விஞ்ஞான வகுப்பு வேண்டும் என்று நான் கேட்டேன். தாளாளருக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாரத்தில் நான்கு மணிநேரம், ஓராண்டுக்கு மட்டும் என்று தந்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரைசானி விட்டுச்சென்ற கண்ணாடித் தொட்டி கிடைத்தது. இரும்புச் சட்டம், நான்கு பக்கமும் கண்ணாடி, அடியில் கற்பலகை. பாளையங்கால்வாயில் பிடித்த கெண்டைக் குஞ்சுகள் பன்னிரண்டை அதில் விட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டும் செத்தன.

அழுக்கினால்தான் என்று எண்ணினேன். நம் வீடுகளில் குடிநீர்க் குடத்தைத் தினம் தேய்க்கிறோம். மீனுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமைதோறும் பள்ளியில் வேலைசெய்த மாடத்தி சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தொட்டியைப் பளபளவென்று தேய்ப்பாள். மணலை நான் வெந்நீரில் கொதிக்க வைப்பேன். திங்கட்கிழமை புது மீன்கள் வரும். மாணவிகள் ஆளுக்கொரு பருக்கை சோறு போடுவார்கள். வியாழக்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் அடக்கம். ஐந்தாம் வாரம் மாணவிகள் சர்ச்சில் பாடும் ஞானப்பாட்டு வேறு பாடத் தொடங்கிவிட்டார்கள்.

தாளாளர் அதைக் கேட்டுவிட்டார். “இன்னொரு மீன் செத்து மிதந்தால் தொட்டி சாமான் அறைக்குப் போகும். அந்த நான்கு மணிநேரமும் தையலுக்குப் போகும்” என்றார். இரண்டு மாதத்தில் கல்வி இலாகா இன்ஸ்பெக்டர் அம்மையார் வரவிருந்தார். அவர் முன்னிலையில் முடிவு என்று ஏற்பாடாயிற்று.

அன்று மாலை அன்னபாக்கியம் அம்மாள் என் அறை வாசலில் வந்து நின்றார். அதுவரை நாங்கள் அதிகம் பேசியதில்லை.

“என்ன பி.ஏ. அம்மா, மீனுக்குச் சனிக்கிழமை எண்ணெயும் தேச்சு விடுதியளா?”

நான் சிரிக்கவில்லை. அவர் உள்ளே வந்து தொட்டியின் விளிம்பில் கைவைத்தார். “நீங்க கழுவுதிய, அது சாவுது. கழுவுதத நிறுத்திப் பாப்பமே” என்றார்.

அவருடைய அப்பா நூலுக்கு நீலச் சாயம் ஏற்றியவர். புதுச் சாயத் தாழி தானாகப் பக்குவப்படாதாம்; பழைய தாழியின் அடிமண்டியைக் கொஞ்சம் ஊற்ற வேண்டும், பிறகு அதைச் சுரண்டாமல், கழுவாமல், அவசரப்படுத்தாமல் காத்திருக்க வேண்டும். தண்ணீரும் அப்படித்தான் என்பது அவர் வாதம். சாயமும் மீனும் ஒன்றல்ல என்றேன். “ஒண்ணுன்னு நான் சொன்னேனா? செத்துப் போன அறுபது மீன விட இது மோசமாவா போயிரும்?” என்றார். சரி, பார்ப்போம் என்றேன்.

கிணற்றடிக் கல்தொட்டியில் மாடு குடிக்கும் தண்ணீர் வருஷக்கணக்காக நிற்கும். அதன் அடியிலிருந்த கறுத்த மணலில் இரண்டு கை அள்ளி வந்து, நான் கொதிக்க வைத்த மணல்மேல் பரப்பினார். ஒரு கொத்துப் பாசியும் போட்டார். பன்னிரண்டு மீனுக்குப் பதில் இரண்டு. சோறு கிடையாது, ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு சிட்டிகை தவிட்டுப்பொடி. தினம் கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, முந்தின நாளே நிரப்பி வைத்த ஆற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டும். ஒரு மண்டலம் இப்படிச் செய்யச் சொன்னார். ஏன் சரியாக நாற்பத்தெட்டு நாள் என்று கேட்டேன்.

“நாப்பத்தேழுல சரியாப் போச்சுன்னா எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல” என்றார்.

கணக்கு ஆசிரியை அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. “ஏன் அக்கா, தானா வாற நாலு மணிநேரத்த நீங்களே தள்ளி விடுதியளே?” ஊசியில் நூல் கோத்தபடியே அவர் சொன்னார்: “வேணும்னா நான் கேட்டு வாங்கிக்கிடுவேன். செத்த மீன் மேல ஏறி நின்னு வாங்க மாட்டேன்.”

நான் நம்பாதவள். ஆகவே அளந்தேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு தண்ணீரில் இருந்தால் மஞ்சளாக மாறும் மருந்து ஒன்று என்னிடம் இருந்தது. நான்காம் நாள் தண்ணீர் இளமஞ்சள் காட்டியது. பத்தாம் நாள் கருமஞ்சள். தொட்டியும் அரிசி கழுவிய நீர்போல் கலங்கிற்று. அன்று மட்டும் பாதித் தண்ணீரை மாற்றினோம். மணலைத் தொடவில்லை. பிறகு நிறம் வெளுக்கத் தொடங்கியது. இருபத்தைந்தாம் நாள் மருந்து விட்டும் தண்ணீர் நிறம் மாறவில்லை. வென்றுவிட்டோம் என்று அவரிடம் மருந்து விட்ட குப்பியைக் காட்டினேன்.

அவர் குப்பியைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்தார். இரண்டும் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன.

“தண்ணீர் சுத்தம்” என்றேன்.

“ஒங்க குப்பி அப்படிச் சொல்லுது. அதுக என்னமோ வேற சொல்லுதே.”

பாதித் தண்ணீரை உடனே மாற்றினார். மறுநாளும் மாற்றினார். ஒரு கை உப்பும் போட்டார், ஏன் என்றதற்கு, “வாயில புண்ணு வந்தா நாம போடலியா?” என்றார். அந்தக் காரணம் எனக்கு இன்றும் திருப்தி தரவில்லை. ஆனால் மீன்கள் பிழைத்தன. மண்ணைப் பற்றிய ஒரு நூலில் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைக் கிருமி முதல் நச்சான அம்மோனியாவை இரண்டாம் நச்சாக மாற்றுகிறது. வேறொரு வகை அதைத் தீங்கற்றதாக்குகிறது. இரண்டும் மணலிலும் கண்ணாடியிலும் படிந்து வாழ்கின்றன. சனிக்கிழமைதோறும் நான் சாம்பல் போட்டுத் தேய்த்தது அவற்றைத்தான். என் குப்பிக்கு முதல் நச்சு மட்டுமே தெரியும். அந்தப் பாடத்தை இப்போது மாணவிகளுக்கு நடத்தும்போது, என் தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்ஸ்பெக்டர் அம்மையார் வருவதற்கு முந்தின சனிக்கிழமை நான் என் தமையன் வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததை மாடத்திதான் பிறகு சொன்னாள். பாசி படிந்த தொட்டியைத் தாளாளர் பார்த்துவிட்டு, திங்கட்கிழமைக்குள் தேய்த்துவைக்க உத்தரவிட்டிருக்கிறார். மாடத்தி சாம்பலும் நாருமாகப் போனால், தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு அன்னபாக்கியம் அம்மாள் தைத்துக்கொண்டிருக்கிறார்.

“எந்திரிங்கம்மா, கழுவணும்னேன். ‘நான் தச்சு முடிக்கட்டும்’னாவ. மத்தியானம் போனேன், ‘இன்னும் முடியல’ன்னாவ. பாசி புடிச்சுக் கெடந்தா என்னயத்தான ஏசுவாவன்னு அழுதேன். ‘ஏசினா எங்கிட்ட அனுப்பு’ன்னாவ. சாயங்காலம் ஐயாவே வந்துட்டாவ. அம்மா எந்திரிச்சு நின்னாவ, நகரல. ‘முன்பக்கம் மட்டும் தொடச்சுத் தாரேன் ஐயா, மத்த மூணு பக்கமும் மீனுக்கு’ன்னாவ.”

தாளாளர் என்ன செய்தார் என்று கேட்டேன். திரும்பிப் போய்விட்டாராம். அன்னபாக்கியம் அம்மாள் தாம் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைத் துணியின் ஓரத்தைக் கிழித்து, முன் கண்ணாடியை மட்டும் துடைத்தாராம். தம் வேலைக்கே ஆபத்து வரக்கூடிய அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

திங்கட்கிழமை நாற்பத்தாறாம் நாள். ஒரு மாணவி தொட்டித் தண்ணீரில் மருந்து விட்டுக் காட்டினாள், நிறம் மாறவில்லை. மீன்கள் அடியில் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. மற்ற மூன்று பக்கங்களும் ஏன் அழுக்கு என்று இன்ஸ்பெக்டர் அம்மையார் கேட்டார். அந்த அழுக்கினால்தான் மீன்கள் உயிரோடிருக்கின்றன என்றேன். இது என் யோசனையல்ல என்று சொல்லி, வாசலில் நின்ற தையல் ஆசிரியையைக் காட்டினேன். அவர் முகம் சுளித்தார். “நான் சும்மா இருக்கச் சொன்னேன். அளந்தது இவங்க” என்றார். விஞ்ஞான வகுப்பு நிலைத்தது. தையலுக்கு ஒரு மணிநேரமும் கூடவில்லை.

யுத்தத்தினால் இப்போது புதுக் கண்ணாடி வருவதில்லை. அதே தொட்டிதான் அதே இடத்தில் இருக்கிறது. அதன் மணலில் ஒரு கை எடுத்துப் போய் வேறு இரண்டு பள்ளிகளில் ஆசிரியைகள் இருவர் தொட்டி வைத்திருக்கிறார்கள், இருவரும் நம் பழைய மாணவிகள். அங்கே ஒரு மீன்கூடச் சாகவில்லை என்று கடிதம் எழுதினார்கள். இதைக் கேட்டு அவர் மகிழ்ந்தாரா தெரியாது. “கடுதாசில க், ச் ஒத்து எழுத்து சரியா வரலியே” என்றார்.

நேற்று அவருக்காக நாம் தொட்டி இருக்கும் அந்த அறையில் கூடினோம். அதற்காக மாடத்தி காலையிலேயே பெஞ்சு, தரை, ஜன்னல் எல்லாம் கழுவினாள். புதிதாகச் சேர்ந்த ஆசிரியை ஒருத்தி தொட்டியைக் காட்டி, இதையும் தேய்த்துவிடேன் என்றாள்.

“அதத் தொடமாட்டேன்” என்றாள் மாடத்தி. “முன்னால அவுக உக்காந்திருக்காவ.”

இப்படிப்பட்ட பேச்சை நான் நம்புவதில்லை. ஆனால் மாடத்தி அன்று எடுத்துத் தந்த, அவர் கிழித்த அந்தத் துணித்துண்டு பத்து ஆண்டுகளாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை நனைத்துப் பிழிந்து, முன் கண்ணாடியை மட்டும் துடைத்தேன்.