வீதியை வெட்ட ஒரு விண்ணப்பம்

நாற்பத்தாறு வயதில் நான் கார் ஓட்டப் பழகினேன். அதற்குக் காரணம் புசல்லாவை பஸ்.

கண்டியில் குடியிருந்துகொண்டு புசல்லாவையில் ஒரு தமிழ்ப் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போய்வந்து கொண்டிருந்தேன். போர் நடந்துகொண்டிருந்த காலம். சோதனைச்சாவடி வந்தால் பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடந்து, திரும்ப ஏற வேண்டும். இறங்கும்போது இருந்த இருக்கை ஏறும்போது இருக்காது. ஒருநாள் கொட்டுகிற மழையில் மூன்று தரம் இறங்கி ஏறி, நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்து, "எனக்கு ஒரு கார் வேணும்" என்று கணவரிடம் சொன்னேன்.

"காரில போனாலும் மறிப்பாங்கள்தானே?" என்றார் அவர்.

"மறிக்கட்டும். நான் இருக்கிற இடத்தை இன்னொருத்தர் பிடிக்க ஏலாதுதானே."

தோட்டத்து வைத்தியர் ஒருவர் வெளிநாடு போகும்போது விற்ற சாம்பல் நிறச் சின்னக் கார் எங்களுக்குக் கிடைத்தது. என் கணவர் வங்கியில் வேலை செய்தார். யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்து, கண்டிக் குளிர் பிடித்துப்போய், ஹந்தானைப் பக்கம் ஏறுகிற வீதியில் ஒரு வீடு வாங்கியிருந்தோம். கார் வந்து சேர்ந்த அன்றுதான் அந்த வீட்டின் குறை தெரிந்தது. எங்கள் கேற்றுக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு கான் ஓடியது. இடுப்பளவு ஆழம். மலையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் முழுவதும் அதில்தான் பாயும். மனிதர் கடக்க ஒரு கருங்கல் பலகை கிடந்தது. காருக்கு வழியில்லை. எங்கள் கேற்றுக்கு முன்னால் வீதி வளைவதால் அங்கே நிறுத்தவும் முடியாது. பத்து யார் தள்ளி, பக்கத்து வீட்டு யன்னலுக்கு நேரே நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் காலை, கணவர் பல் துலக்கிக்கொண்டிருந்த நுரை வாயோடு ஓடி வந்தார்.

"இஞ்சாரும், உம்மட காரைச் சுத்திப் பொலிஸ் நிக்குது!"

நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் குனிந்து அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வயதான சார்ஜன்ட் ஒருவர் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே சுருட்டிய பாடப் படங்கள், ஒரு பழைய துவாய், துவாயில் சுற்றிய ஒரு கண்ணாடிப் போத்தல். போத்தலைப் பார்த்ததும் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள்.

"இது என்ன?" என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.

"கெம்பா, மாத்தயா" என்றேன். தவளை. பாடத்துக்காகப் போமலினில் ஊறவைத்திருந்த தவளை, ஐயா என்று விளக்கினேன்.

அவர் துவாயை மெல்ல விலக்கிப் பார்த்தார். தவளையும் அவரைப் பார்த்தது. பிறகு போத்தலைத் திருப்பிச் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல என் கையில் தந்தார்.

"டீச்சர், இந்தக் காலத்தில் தெரியாத கார் ஒன்று வீதியில் நின்றால் சனங்கள் பயப்படுவார்கள். எங்களுக்கும் பயம்தான். உள்ளே எடுத்து வையுங்கள்."

"உள்ளே எடுக்க வழியில்லையே?"

"மாநகர சபையில் அனுமதி எடுத்து, கானுக்கு மேலே கொங்கிரீட் போடுங்கள்."

சொல்வது சுலபம். அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு மாநகர சபைக்குப் போனேன். பொறியியல் பிரிவில் இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் அமைதியான மனிதர். கதிரை தந்து, வேண்டியவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தந்தார். காணி உறுதியின் பிரதி, வரைபடம், இரண்டு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதம், வீதியில் வேலை செய்வதால் பொலிஸின் கடிதம்.

பொலிஸுக்கு எழுத வேண்டிய கடிதத்தை நானே சிங்களத்தில் எழுதினேன். அரச ஊழியருக்கான சிங்களப் பரீட்சையில் அப்போதுதான் சித்தியடைந்திருந்தேன், அந்தப் பெருமை. வீதியோரத்துக் கல்விளிம்பை வெட்டிச் சரிவாக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல நினைத்தேன். கல்விளிம்புக்குச் சிங்களச் சொல் தெரியாததால் அதை விட்டுவிட்டேன். ஆகவே கடிதம், 'எனது வீட்டுக்கு முன்னால் வீதியை வெட்ட அனுமதி தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று அமைந்தது. பணிவு மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். என் அடையாள அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று பார்த்தார். திரும்பவும் கடிதத்தைப் பார்த்தார்.

"யார் வராமல் இருக்க வெட்டப் போகிறீர்கள்?"

எனக்கு விளங்கவில்லை.

"உங்களுடைய பக்கத்தில் வீதியை எதற்கு வெட்டுகிறார்கள்? எங்களுடைய வண்டிகள் வராமல் இருக்கத்தானே?"

அப்போதுதான் விளங்கியது. கற்ற சிங்களம் எல்லாம் எங்கோ போய்விட்டது.

"யாரும் வராமல் இருக்க இல்லை, மாத்தயா. என்னுடைய கார் உள்ளே வர" என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த வயதான சார்ஜன்ட் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "சேர், இவதான் அந்தத் தவளை டீச்சர்" என்றார்.

பொறுப்பதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தவளைக் கதை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'வீதியை வெட்ட' என்பதைக் கோடிழுத்து அடித்து, தன் கையாலேயே 'கானுக்கு மேலே பாலம் இட' என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தித் தந்தார். வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

இனிப் பக்கத்து வீடுகள். மேல்பக்கத்தில் பிலிமத்தலாவையில் இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. கடிதத்தை வாசிக்காமலே ஒப்பமிட்டார். "டீச்சர், சீமெந்து மட்டும் வேற எங்கயும் வாங்கிப் போடாதீங்க" என்பதுதான் அவருடைய நிபந்தனை.

கீழ்ப்பக்கத்தில், யாருடைய யன்னலுக்கு நேரே கார் நின்றதோ அந்த வீட்டில், ஓய்வுபெற்ற சிங்கள மேட்ரன் அம்மா தனியாக இருந்தார். நல்ல உயரம். ஆஸ்பத்திரி வார்டில் நடக்கிற மாதிரித்தான் வீட்டுக்குள்ளும் நடப்பார். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு நேரே சொன்னார்.

"பொலிஸுக்கு அறிவித்தது நான்தான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"உன்னுடைய கார் என்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அறிவித்திருப்பேன். எனக்குப் பயம். படுத்தால் அது வெடிக்கும் என்றே நினைப்பு."

கோபம் வர வேண்டும். ஆனால் எனக்கு ஆறுதலாக இருந்தது. தமிழர் வீடுகளுக்குத் தீ வைத்த கலவர நாட்களில் நாங்கள் வேறொரு வாடகை வீட்டில் இருந்தோம். அயலவர் எல்லோரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புகளில் எதை நம்புவது என்று தெரியாமல், உடுத்த உடுப்போடு பின்கதவால் போனோம். பயத்தை முகத்துக்கு நேரே சொல்கிற ஒருத்தர் பக்கத்தில் இருப்பது எவ்வளவோ நல்லது என்று தோன்றியது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை முழுவதும் வாசித்தார். அடியில், 'தண்ணீர் தேங்கி என் அந்தூரியப் பாத்திக்குள் வரக் கூடாது' என்று ஒரு வரி சேர்த்து ஒப்பமிட்டார்.

எல்லாக் கடதாசிகளையும் கொண்டு போனபோது தொழில்நுட்ப உத்தியோகத்தர் நாட்காட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கண்டிப் பெரஹரா ஊர்வலம் வருகிறது, அது முடியும்வரை எந்த வீதியிலும் ஒரு பிடி மண்கூடக் கிளறக் கூடாது. அது முடிந்தபோது மழை தொடங்கியது. மழையில் ஒரு மதில் சரிந்து, இன்னொரு வீதி தாழ்ந்து, அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. கார் யன்னலுக்கு நேரே நின்றுகொண்டேயிருந்தது.

ஒரு காலை மேட்ரன் அம்மா வெள்ளைச் சேலை உடுத்து, குடையோடு எங்கள் கேற்றில் நின்றார். "வா, சபைக் கந்தோருக்குப் போவோம்" என்றார்.

உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் அவர் உட்காரவே இல்லை. "மகன், நான் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களை நித்திரையாக்கினவள். இப்போது எனக்கு நித்திரை இல்லை. இவளுக்காக இல்லை, எனக்காக இதைச் செய்து தா" என்றார். உத்தியோகத்தர் எழுந்து நின்றுவிட்டார். அந்த வார முடிவுக்குள் அளவு நாடாவோடு வந்து, கானுக்குள் தானே இறங்கி அளந்தார். எங்கள் கடதாசிகள் செய்யாததை மேட்ரன் அம்மாவின் பயம் செய்துவிட்டது என்று என் கணவர் சொன்னார்.

அனுமதி ஒரே ஒரு நாளுக்கு. காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை. ஒரு கொன்ஸ்டபிள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து மேசன் ஒருவர் இரண்டு ஆட்களோடு வந்தார்.

"பயப்படாதீங்க டீச்சரம்மா, மூணு மணிக்கெல்லாம் கொங்கிரீட் போட்டு முடிச்சிடுவோம்" என்றார்.

பத்து மணியளவில் இராணுவ லொறி ஒன்று மேலேறி வந்தது. மேசன் கல் விளிம்பை உடைக்க இரும்பு அலவாங்கைத் தலைக்கு மேலே ஓங்கியிருந்தார். லொறி நின்றது. துவக்குகளோடு ஐந்தாறு பேர் குதித்தார்கள். மேசன் அலவாங்கை அப்படியே விட, அது கல்லில் விழுந்து கோயில் மணிபோலக் கேட்டது. கொன்ஸ்டபிளைக் காணவில்லை. அவர் மேட்ரன் அம்மாவின் குசினியில் பாற்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரியும். நான் அனுமதிப் பத்திரத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி, செருப்பில்லாமல் ஓடினேன்.

நரைத்த மீசையோடு ஒரு கோப்ரல் அதை வாங்கினார். முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டு, போவார் என்று பார்த்தால், கானோரம் குந்தி உட்கார்ந்து கொங்கிரீட் ஊற்ற மேசன் அடித்திருந்த பலகைகளை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"சரிவு பிழை" என்றார்.

மேசனுக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் பறந்துவிட்டது. "எது பிழை?" என்று சிங்களத்தில் திருப்பிக் கேட்டார். இருவரும் கானுக்குள் இறங்கி வாதாடினார்கள். அவ்வளவு வேகமான சிங்களம் எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர், கழுதை என்ற இரண்டு சொற்கள்தான் விளங்கின. கழுதை யாரென்று தெரியவில்லை. படையில் சேருமுன் கோப்ரலும் மேசன் வேலை செய்தவராம். கடைசியில் பலகை இரண்டு விரல் கீழே இறங்கியது. கோப்ரல் கை கழுவி, நான் கொடுத்த தேநீரை நின்றபடியே குடித்து, லொறியில் ஏறிப் போனார்.

லொறி வளைவில் மறைந்த பிறகு மேசன் என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆளு சொன்னது சரிதாங்க. ஆனா அவருகிட்ட நான் ஒத்துக்கல."

ஈரச்சாக்குப் போட்டு, நாள்தோறும் தண்ணீர் ஊற்றி, இரண்டு வாரம் காத்திருந்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை உள்ளே எடுத்தேன். கணவர் முற்றத்தில் நின்று, "வாரும், வாரும், இன்னும் வாரும்" என்று கையைக் காட்டிக்கொண்டேயிருந்து, கேற்றுத் தூணில் இடித்த பிறகு "நில்லும்" என்றார். முன்விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நெளிவு. எங்களிருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த மழைக்குக் கான் நிறைந்து ஓடியது. அந்தூரியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சில மாதங்கள் கழித்து, பாடசாலை நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று ஊரடங்கு என்று அறிவித்தார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, ஒவ்வொரு சாவடியிலும் நின்று நின்று, நாலரை மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். கேற்றைப் பூட்டும்போது மேட்ரன் அம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். காலையிலிருந்து வானொலிக்குப் பக்கத்திலேயே இருந்தவர் போலிருந்தது.

"முந்தியென்றால் யன்னலால் பார்த்தால் தெரியும், நீ வந்துவிட்டாயா இல்லையா என்று. இப்போது எனக்கு எப்படித் தெரியும்?" என்று அதட்டினார். "இனி உள்ளே வரும்போது ஹோர்ன் அடி."

நான் திரும்பப் போய்க் காருக்குள் ஏறி, ஒரு தரம் அடித்தேன். "கேட்டது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.