கிரகத்தில் மதினி ஏர் பூட்டிய காலை

என் மதினி வீட்டு வெள்ளாடுகள் இன்றைக்கும் ஒரு விண்கலத்தின் கதவு வழியாகத்தான் மேய்ச்சலுக்குப் போகின்றன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் வீட்டு ஆட்டுக்கொட்டிலில் தொங்கும் அந்தத் தகரக் கதவு மூலைகளெல்லாம் வளைந்து முட்டை வடிவத்தில் இருக்கும். மேலே அடித்த வெள்ளிப் பெயிண்ட் பாதி உரிந்துபோய்விட்டது. ஆனால் சிவப்பில் எழுதிய 'வெளியேறும் வழி' என்ற எழுத்து மட்டும் அழியாமல் இருக்கிறது. விண்கலத்தின் உள்ளே இருந்த எழுத்து அது. கொட்டிலுக்குக் கதவைத் திருப்பி மாட்டிவிட்டதால் இப்போது முற்றத்தைப் பார்த்து நிற்கிறது. வீட்டுக்கு வருகிற புது ஆள் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் வாசிப்பார்.

முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே காலியாகி டிவி இருக்கிற வீட்டில் போய் அடைந்த காலம். அப்போது ஒரு தொடர் வந்தது. விண்கலம் ஒன்று வழி தவறி ஒரு செத்த கிரகத்தில் விழுந்துவிடும். அதிலிருந்து தப்பிய ஐந்து பேர் தண்ணீருக்கு அலைவார்கள், சண்டை போடுவார்கள், மறுபடி சேர்ந்துகொள்வார்கள். அந்தத் தொடருக்கு அழகான ஒரு பெயர் இருந்தது. எங்கள் பக்கம் அது 'ராக்கெட்டு நாடகம்', அவ்வளவுதான். அந்தச் செத்த கிரகம் எங்கே இருக்கிறது என்று ஊர் உலகத்துப் பிள்ளைகளெல்லாம் வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அது மதினியின் புஞ்சை. எங்கள் பேச்சில் காடு. மதினியின் காடு.

எனக்குக் கோவில்பட்டியில் மைக்செட் கடை. பள்ளிக்கூடம் எனக்குச் சீக்கிரமே முடிந்துவிட்டது. மிச்சப் படிப்பை ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் பாதி, மனுசர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுப் பாதி என்று படித்தேன். சென்னையிலிருந்து வந்த டைரக்டர் முதலில் ஜெனரேட்டர் வாடகைக்குத்தான் என் கடைக்கு வந்தார். "அப்படியே, பாளம் பாளமா வெடிச்ச நிலம் எங்க இருக்குன்னு சொல்லுங்க" என்றார். கரிசக்காட்டில் வந்து கோடையில் இப்படிக் கேட்டால் எந்தப் பக்கம் கை காட்டுவது? என் அண்ணனிடம் கூட்டிப்போனேன். அண்ணனுக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். நிலம் அவர் பெயரில், பாடு முழுக்க மதினி பெயரில். "ஷூட்டிங் முடியுறவரைக்கும் வச்சுக்கிடுங்க" என்று அண்ணன் டீ குடித்துக்கொண்டே வாக்குக் கொடுத்துவிட்டார். வைகாசியோடு முடிந்துவிடும் என்று எல்லாரும்தான் நினைத்தோம். மதினியை யாரும் கேட்கவில்லை.

டிவியில் பார்த்தவர்களுக்கு அந்த விண்கலம் ஒரு அதிசயம். பக்கத்தில் நின்று பார்த்தால் அது பிளைவுட்டும் தகரமும். உள்ளே மினுக்கிய விளக்குகள் நான் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற சீரியல் பல்புகள். கேப்டன் முடுக்கி முடுக்கிப் பேசிய கருவி என் கடையில் புகைந்துபோன பழைய ஆம்ப்ளிஃபயர். உச்சியில் நின்ற ஏரியல் என் மைக்செட் குழாய் ஸ்பீக்கர்தான். வெள்ளி பூசிக் கவிழ்த்து வைத்திருந்தோம். காற்றே இல்லாத கிரகத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நடிகர்கள் மூச்சு முட்டிப்போனார்கள். கண்ணாடியில் ஆவி படிந்து முகம் தெரியவில்லை. கடைசியில் பின்பக்கம் ஓட்டை போட்டு, 'கட்' சொன்னவுடனே ஓலை விசிறியால் அந்த ஓட்டைக்குள் விசிறினார்கள். உயிரே இல்லாத கிரகத்தில் மயில் அகவும், சவுண்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "ஏலே, கிரகத்துக்குள்ள ஆடு பூந்துட்டுலே!" என்று யாராவது கத்தினால் யூனிட்டே கம்பை எடுத்துக்கொண்டு ஓடும். அது மதினியின் ஆடாகத்தான் இருக்கும். எட்டயபுரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் அண்ணாச்சி, "ராக்கெட்டெல்லாம் எறங்கு!" என்று விசில் ஊதுவார்.

அங்கே தினமும் நடந்த ஒரு வேலை இருக்கிறது, அதை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். பச்சை பிடுங்குகிற வேலை. செத்த கிரகம் அல்லவா, கேமரா பார்க்கிற இடத்தில் பச்சையாக ஒன்றுகூடத் தலை நீட்டக் கூடாது. காலையில் முதல் காரியமாகச் சென்னைப் பையன்கள் குனிந்து குனிந்து துத்தி, எருக்கு, கோரை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வேரோடு பிடுங்கி எறிவார்கள். மதினி வரப்பில் ஆடு மேய்த்தபடி அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முதலில் சிரிப்பார். அப்புறம் கேப்டன் வேஷம் போட்ட அம்மா நடுக்காட்டில் நின்று ஒரு பிடி மண்ணை அள்ளி விரல் வழியாகச் சிந்தவிட்டு, "இந்த மண் செத்துப்போச்சு. இதுல ஒரு புல்லுகூட முளைக்காது" என்று சொல்லும் கட்டம் வரும். அந்த வசனம் தொடரில் அடிக்கடி வந்தது. ஒத்திகையிலும் வந்தது. என் மைக்கில் பெரிதாகக் கேட்டது. அதைக் கேட்கும்போது மதினியின் முகத்தில் சிரிப்பு இருக்காது. ஒருநாள் என்னிடம், "கொழுந்தனாரே, அந்த அம்மா எந்த மண்ணச் சொல்லுது?" என்று கேட்டார். "நாடகம் மதினி" என்றேன். "கையில இருக்கது நாடகமா? அது எங்காடுல்லா" என்றார்.

ஜனங்கள் விரும்பிப் பார்க்கப் பார்க்கத் தொடர் நீண்டது. வைகாசி போய் ஆடி போய் ஆவணி போய்விட்டது. புரட்டாசிக் கடைசியில், கடைசி வாரத்துக்கான படப்பிடிப்பு மட்டும் பாக்கி இருக்கும்போது, மழை இறங்கியது. கரிசல் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் வாய் பிளந்து கிடக்கிற அதே மண் ஒரு மழையில் பிளவையெல்லாம் மூடிக்கொண்டு களியாகிவிடும். செருப்பை வைத்தால் கால் மட்டும்தான் திரும்பி வரும். யூனிட் வேன் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. விண்கலத்தின் ஒரு கால் புதைந்து அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அது நிஜமாகவே விழுந்த கலம் மாதிரி இருந்தது. டைரக்டர் வானத்தைப் பார்த்தார். "ரெண்டு மூணு வாரம் வெயில் அடிச்சா மறுபடி வெடிச்சிரும். அதுவரைக்கும் இந்த நிலத்துல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது" என்றார். அவருக்கு நிலம் காய வேண்டும். மதினிக்கு அது காய்வதற்குள் விதை விழ வேண்டும். களி இறுகி, கால் ஒட்டாத அந்தப் பதம் சில நாள்தான் நிற்கும். அதை விட்டால் அந்த வருஷத்து வெள்ளாமை அவ்வளவுதான்.

பதம் வந்த காலையில், யூனிட் வரப்போரம் உடுப்போடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, மதினி வந்தார். பின்னால் இரண்டு ஜோடி மாடு, ஏர்க்காரர்கள், மடியில் பாசிப்பயறும் உளுந்துமாக விதை போடுகிற பெண்கள். மேனேஜர் ஓடிப்போய் வழியை மறித்தார். "உங்க வீட்டுக்காரர் ஷூட்டிங் முடியுற வரைக்கும்னு வாக்குக் கொடுத்திருக்காரும்மா."

"அவிய குடுத்தாவ. அவியள மணியாச்சியில போயிப் பாருங்க. இங்கன விதைக்குதது நான்."

"நாங்க போலீசுக்குப் போக வேண்டி வரும்."

"போங்க. வரும்போது நாலு பேரக் கூடக் கூட்டிட்டு வாங்க. விதை போட ஆளு பத்தல."

விதைக்காரப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் ஏர்க்காரர்கள் தயங்கி நின்றுவிட்டார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார். நான் இரண்டு எட்டு வைத்தேன். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கொழுந்தனாரே, நீங்க உங்க செனரேட்டரப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன் ஏர்க்காரர் கையிலிருந்த கலப்பையின் மேழியைத் தானே பிடித்துவிட்டார். எங்கள் ஊரில் பெண் மேழி பிடித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. டைரக்டரைப் பார்த்து அவர் சொன்னது ஒரு சொல் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "ஐயா, இத்தன மாசமா எங்காட்டுல நின்னுக்கிட்டு எங்காட்டச் செத்துப்போச்சுன்னு சொன்னீய. நாடகம்னு கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். அது உசுரோட இருக்கா இல்லையான்னு இப்பக் காட்டுதேன், நின்னு பாருங்க." பிறகு மாட்டை அதட்டினார். முதல் உழவுச் சால் கிரகத்தின் குறுக்கே ஓடியது. கேப்டன் அம்மா வெள்ளி உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி விட்டு ஒதுங்கினார். விண்கலத்துக்குப் பக்கத்தில் வந்ததும், "ஏட்டி, மாடு ராக்கெட்ட முட்டிராம பாத்துக்க!" என்று விதைக்காரப் பெண் ஒருத்திக்குக் குரல் கொடுத்து, அதைச் சுற்றிக்கொண்டு உழுதார். கடைசிச் சால் ஓடி முடிந்ததும் பச்சை பிடுங்கிய பையன்களிடம் வந்து, "அரும்பாடுபட்டுக் களை எடுத்துக் குடுத்திருக்கீய தம்பி. ஒரு புல்லு மிச்சமில்ல. நல்லா இருங்க" என்று கும்பிட்டார். அந்தப் பையன்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டைரக்டர் கோபத்தில் எட்டயபுரத்து லாட்ஜுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, விண்கலத்தைப் பிரித்து ஏற்ற ஆட்களோடு வந்தவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். கறுப்பு மண்ணில் சால் சாலாகப் பச்சை. சாய்ந்து கிடந்த வெள்ளிக் கலத்தைச் சுற்றிலும் இரண்டு இலை விட்ட பயிர். பிறகு நேராக மதினி வீட்டுக்குப் போய், கடைசி வாரத்தை இங்கேயே இப்படியே எடுக்க வேண்டும், அனுமதி கொடுங்கள் என்று கேட்டார். இந்தத் தடவை அண்ணனை யாரும் கேட்கவில்லை.

மதினி இரண்டு நிபந்தனை போட்டார். பயிரில் ஒரு கால் படக்கூடாது. இரண்டாவது: "செத்த மண்ணுன்னு சொன்னத வாபஸ் வாங்கணும்."

"அது கதைம்மா. கேரக்டர் பேசுறது" என்றார் டைரக்டர்.

"கதையிலதான சொன்னீய? கதையிலயே வாபஸ் வாங்குங்க."

ஐந்து பேரும் காப்பாற்றப்பட்டுப் பூமிக்குத் திரும்புவதாகத்தான் முதலில் எழுதியிருந்தது. ஒளிபரப்பானது வேறு. மீட்க வந்த கலத்தின் குரல் என் குழாய் வழியாகக் கூப்பிடுகிறது. கேப்டன் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், இரண்டு சாலுக்கு நடுவே மண்டியிட்டு ஒரு பயிரைத் தொடாமல் கையால் அணைக்கிறார். "நான் சொன்னது தப்பு. இந்த மண் சாகல. நாங்க வரல. நீங்க திரும்பிப் போங்க." மதினி எங்கள் வீட்டு டிவியில் அதைப் பார்த்தார். அண்ணன் ஓரக்கண்ணால் மதினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பச் சரி" என்று சொல்லிவிட்டு மதினி எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். விண்கலத்தைப் பிரித்தபோது கதவை மட்டும் டைரக்டர் அவருக்கு விட்டுப்போனார்.

இப்போது அந்தக் கடைசி வாரத்தை இணையத்தில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். படம் கோடு கோடாக ஓடுகிறது. அதற்குக் கீழே படித்த பிள்ளைகள் விளக்கம் எழுதுகிறார்கள்: அந்தப் பயிர் மனித நம்பிக்கையின் குறியீடாம், இயக்குநரின் தொலைநோக்காம். எழுதட்டும். அது பாசிப்பயறு. அந்த வருஷம் நன்றாகவே காய்த்தது, நானும் வாங்கித் தின்றேன். குறியீட்டை யாரும் வேக வைத்துத் தின்றதில்லை.

போன சித்திரையில் நான் மதினி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு புரோக்கர் வந்தார். சுற்றுவட்டாரத்தில் காடுகளை வாங்கி வெயிலில் கரண்டு எடுக்கிற கண்ணாடித் தகடுகளை நட்டு வருகிறார்கள். மதினியின் காட்டுக்கு மூன்று பக்கமும் அந்தத் தகடுகள் வந்துவிட்டன. நாலாவது பக்கம் மட்டும் திறந்து கிடக்கிற அந்தக் காட்டில் மதினி இன்னும் விதைக்கிறார். எத்தனை பேர் வந்து கேட்டும் அசையவில்லை. புரோக்கர் செல்போனை நீட்டி, வானத்திலிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்டினார். கோடையல்லவா, காடு பழுப்பாக, வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது.

"மேலருந்து பாத்தாலே தெரியுது பாருங்கம்மா. வெறும் பொட்டல். இதுல என்ன முளைக்கப்போகுது?"

வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கட்டிலில் படுத்திருந்த அண்ணன் பதறி எழுந்தார். "நான் யாருக்கும் வாக்குக் குடுக்கலப்பா" என்றார், கேட்காமலே.

மதினி படத்தைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். "மேலருந்து பாத்தவிய முந்தியும் ஒருக்க வந்தாவ. இப்படித்தான் சொன்னாவ. பொறவு எறங்கி நின்னு பாத்து, சொன்னத வாபஸ் வாங்கிட்டுத்தான் போனாவ. நீங்க ஐப்பசியில வாங்க, காட்டுதேன்."

"ஐப்பசி வரைக்கும் இந்த வெலை நிக்காதும்மா."

"நிக்காண்டாம். போவட்டும்."

புரோக்கர் விடுவதாக இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், வயதாகிவிட்டது, பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் கொடுத்துவிட்டார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். மதினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், கொட்டில் பக்கம் நடந்தார். மேய்ச்சலுக்கு நேரமாகிவிட்டது. கதவின் கொண்டியை எடுத்தார். உள்ளே முட்டிக்கொண்டு நின்ற ஆடுகளைக் கதவோடு சேர்த்துக் கொஞ்சம் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த மனிதரைப் பக்கத்தில் கூப்பிட்டார். மதினிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனாலும் வெள்ளி உரிந்த அந்தத் தகரத்தில் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், அவருக்கு வாசித்துக் காட்டினார். பிறகு கதவைத் திறந்துவிட்டார்.