பிரபாவின் பதில்களுக்குக் கிடைத்த வேலை

பிரபா ஆபீஸுக்கு எப்படி வருவாள்? எந்த இண்டர்வியூவுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான். அதையும் என்னிடம்தான் கேட்பார்கள். மெட்ரோவில் வந்து, படியேறி, அவர்கள் எதிரிலேயே அவள் உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பு. நடந்தால் பிரபாவின் உடம்பு ஒரு பக்கமாக இழுக்கும். பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். கொஞ்ச நேரம் காது கொடுத்தால் யாருக்கும் புரிந்துவிடும். டெல்லி ஆர்.கே.புரத்தில் அவள் வீட்டுப் பக்கம் காய் விற்கிற பையாவுக்கு நன்றாகவே புரிகிறது. கொத்தமல்லிக் கொசுறுக்காக அவளிடம் மல்லுக்கட்டித் தினமும் தோற்கிறார். எம்.காம். படித்த பெரிய மனிதர்களுக்குத்தான் புரிவதில்லை. அவளும் எம்.காம்.தான், முதல் வகுப்பு.

அவள் அப்பா ரத்தினவேல் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். இந்த வருஷம் ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கரூருக்குப் போகப்போகிறார்கள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிரபாவுக்குக் கரூர் என்றால் எப்போதோ போன கல்யாண வீடுகள், அவ்வளவுதான். வேலை கிடைத்தால் முனிர்காவில் என் அறையில் தங்கிவிடலாம். கிடைக்காவிட்டால் அவளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். துணையில்லாமல் வீட்டில் அனுப்ப மாட்டார்கள். எனவே சிநேகிதி நான் போவேன். நான் வரலாற்றில் ஆராய்ச்சி செய்கிறவள். கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்.

போன வாரம் டெல்லிக்குள்ளேயே துவாரகாவில் ஒரு கம்பெனி. ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் வேலை. எதிரே எச்.ஆர். அம்மாள் சுஷ்மாவும் கணக்குப் பிரிவின் தலைவரும். பேச்செல்லாம் இந்தியில்.

“இவங்க டீ குடிப்பாங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார் சுஷ்மா.

“குடிப்பேன்” என்றாள் பிரபா.

“என்ன சொல்றாங்க?”

“குடிப்பாளாம்” என்றேன். அங்கேதான் பிடித்தது சனி.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பவே இல்லை. சரக்கு விற்றவர் ரிட்டர்ன் போடாவிட்டால் நமக்கு வரிக்கழிவு கிடைக்குமா என்று கணக்குத் தலைவர் என்னைக் கேட்டார். எனக்கு என்ன எழவு தெரியும்?

“அவங்க பில் போர்ட்டல்ல ஏறாம கிடைக்காது. முதல்ல அவங்களுக்கு போன் போட்டுப் பிடிக்கணும்” என்றாள் பிரபா. கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னேன்.

“அச்சா! வெரி குட்!” என்றார், எனக்கு.

இப்படியே அரை மணி நேரம். கேள்வி எனக்கு, பதில் அவளுடையது, பாராட்டு மறுபடியும் எனக்கு. அவளுக்கு டீ மட்டும் வந்தது. வேலை கிடைத்துத் தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பிரபாவும் நானும் மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. சுஷ்மா. வேலைதான் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

“வசுமதி ஜி, எங்க சாருக்கு உங்க பதில் எல்லாம் ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க பயோடேட்டாவை ஜல்தி அனுப்புங்க. அடுத்த வாரமே சேரலாம்.”

“அது என் பதில் இல்லைங்க! எனக்கு ஜி.எஸ்.டி.யில அ ஆவன்னாகூடத் தெரியாது!”

“ரொம்ப அடக்கமா இருக்கீங்க” என்று சிரித்தார் சுஷ்மா.

நான் திட்ட வாயெடுத்தேன். பிரபா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். “மேடம், நான் பிரபா. அந்தப் பதில் எல்லாம் நான் சொன்னது” என்றாள், இந்தியில், நிதானமாக.

“வசுமதி ஜி, அவங்க என்ன சொல்றாங்க?”

சொல்ல வாய் துடித்தது. பிரபா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. மறுபடியும் அதையே சொன்னாள். இன்னும் மெதுவாக மூன்றாம் தடவையும் சொன்னாள். கோயில் வாசலில் பூ விற்கிறவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

“லைன் சரியில்லை, அப்புறம் பேசறேன்” என்று சுஷ்மா வைத்துவிட்டார்.

லைனுக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பிரபா போனை என்னிடம் நீட்டினாள்.

“நீ ஆபீஸுக்கு எப்படி வருவேன்னு உன்னை அவங்க கேக்கவே இல்லையே” என்றாள். பிறகு, “அடுத்த இண்டர்வியூக்கு நீ வாசல்லயே உக்காந்துக்கோ” என்றாள்.